ராட்டினக்காரனின் அறுபதாம் கல்யாணம்

2020 மார்ச் 15, ஞாயிறு

இன்று பூங்காவில் ஐயாயிரம் பேர். கேட்டில் டிக்கெட் கிழிக்கிற வீரையன் ஐந்நூறு என்கிறான். அவன் உட்கார்ந்து எண்ணுகிறவன், நான் நின்று பார்க்கிறவன். கூட்டம் எவனுக்குச் சரியாகத் தெரியும்?

ஒரத்தநாடு தாண்டி மன்னார்குடி சாலையில் 'செந்நெல் ஃபன் சிட்டி' எங்கே என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். அங்கே ராட்சத ராட்டினம் யாருடையது என்று கேட்டால் அரசப்பனுடையது என்பார்கள். முதலாளி காசு போட்டார், அவ்வளவுதான். பதினோரு வருஷமாக சுவிட்ச் என் கையில். நூற்றிருபது அடி உயரம். போர்டில் அறுபது என்று இருக்கும், அது இன்சூரன்ஸ்காரனுக்காக எழுதினது. உச்சிக்குப் போனால் தஞ்சாவூர் பெரிய கோயில் கோபுரம் தெரியும் என்று சொல்லித்தான் ஒவ்வொருவருக்கும் கம்பியைப் பூட்டுவேன். இறங்கும்போது பாதிப்பேர் பார்த்தேன் என்பார்கள்.

இன்றும் எல்லார் வாயிலும் என் அறுபதாம் கல்யாணப் பேச்சுதான். போன மாதம் திருக்கடையூரில் நடந்தது. வீட்டுக்காரி வேம்புவின் அண்ணன் அண்ணாதுரைக்கும் எனக்கும் ஒரே மேடையில். நான் அவருக்கு ஒரு மாதம் மூத்தவன் என்பதால் மச்சான் ஜோடியாக என் காலில் விழுந்து ஆசி வாங்கினார். திருநீறு பூசி, நூறு வயசு இருங்க என்றேன். ஆபீஸில் ஆள் கணக்குப் பார்க்கிற இசைவாணி அந்தச் சாப்பாட்டில் மூன்று தரம் பாயசம் வாங்கிய பெண். மாலையோடு நான் நிற்கிற போட்டோவை அதுதான் கம்பெனி வாட்ஸப்பில் போட்டது. 'நம் மூத்த ஊழியர்' என்று கீழே எழுத்து.

ஏதோ புதுக் காய்ச்சல் வருகிறதாம். கப்பல் ஊஞ்சல் ஓட்டுகிற சித்தீக் சொன்னான். நம் வெயிலுக்கு அது நிற்குமா என்றேன்.

மார்ச் 17, செவ்வாய்

பூங்காவை மூடச் சொல்லி உத்தரவு. முப்பத்தொன்றாம் தேதி வரைக்கும்தானாம். ராட்டினத்துக்கு கிரீஸ் வைத்து, பெட்டிக் கதவுகளைக் கயிற்றால் கட்டிவிட்டு வந்தேன். பதினாலு நாள். திருவிழா விடுமுறை மாதிரி.

மார்ச் 29

வீட்டில் சும்மா இருப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. வேம்பு சொல்லிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறாள்.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை ஒன்று. சுகாதாரத்துறைப் பெண் வந்தது, கையில் ஒரு பட்டியல். அறுபது தாண்டியவர்கள் வாசற்படி தாண்டக் கூடாதாம். ஊர்ப் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. "ஐயா, உங்களுக்குத்தான் ரிஸ்க் அதிகம்" என்கிறது! நான் நேற்று ஒரே ஆளாக வைக்கோல் போர் பிரித்தவன்.

அடுத்த வீட்டு வேலிக்கு மேலே அண்ணாதுரை தலை. "மச்சான், லிஸ்ட்டுல நீங்கதான் மொதல். மூத்தவராச்சே!"

அந்த 'மச்சானு'க்காகத்தான் எல்லாம். வயதில் சின்னவனாக இருந்தால் 'மாப்ள' என்றிருப்பார். மாப்ள, இதைத் தூக்கு. மாப்ள, அங்கே ஓடு. மூத்தவன் ஆனதால் மச்சான், வாங்க, உட்காருங்க. முப்பத்தாறு வருஷமாக அப்படித்தான். இப்போது உட்காருங்க மட்டும் மிச்சம்.

மே 2, சனி

இசைவாணி வாட்ஸப்பில் கடிதம் போட்டிருக்கிறது. இன்று முதல் மறு அறிவிப்பு வரை ஊதியமில்லா விடுப்பு. இங்கிலீஷில் அதற்கு ஏதோ பெயர். ஃபர்லோ. நான் கேட்காமலே ஒரு விடுப்பு! பதினோரு வருஷத்தில் மகள் கல்யாணத்துக்கு ஒன்றரை நாள் எடுத்தவன் நான். அன்றைக்கு மூஞ்சியைத் தூக்கினவர்கள் இன்று அள்ளி அள்ளித் தருகிறார்கள்.

சித்தீக்குக்குப் போன் போட்டேன். "என்னடா இதுக்கு அர்த்தம்?"

"வேல இருக்குண்ணே. ஆனா இல்ல."

வேலைய விட்டு எடுத்தா எடுத்தேன்னு சொல்லு. வெச்சிருந்தா வெச்சிருக்கேன்னு சொல்லு. ராட்டினத்த உச்சியில நிறுத்திட்டு கரண்ட்டு எப்ப வரும்னு தெரியாதுன்னா, மேல உக்காந்திருக்கவன் என்னத்தப் பண்ணுவான்?

மே 19, செவ்வாய்

இன்று எனக்கு ஐம்பத்தேழு முடிகிறது.

இதை இங்கே தவிர எங்கும் எழுதியதில்லை. யாரிடமும் சொன்னதும் இல்லை. வேம்புவிடமும்.

1984-ல் பெண் பார்க்கப் போனோம். அண்ணாதுரை என்னை மேலும் கீழும் பார்த்து, "மாப்ள ரொம்பச் சின்னப் பையனா இருக்காப்லயே" என்றார். எனக்கு அப்போது இருபத்தொன்று. இருபத்துநாலு என்றேன். வாயில் வந்தது, வந்தபடி நின்றுவிட்டது. மச்சான் 1960 மாசி என்று தெரிந்ததும் நான் தை மாதத்தைப் பிடித்துக்கொண்டேன். ஆதார் எடுக்கிற அன்று வரிசையில் எனக்குப் பின்னால் அவர்தான் நின்றார். 1960 என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? போன வருஷம் அவர் அறுபதாம் கல்யாணத்துக்கு நாள் குறித்தார். அவருக்கு அறுபது என்றால் ஒரு மாதம் மூத்த எனக்கு? அந்தக் கணக்கு என்னைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் திருக்கடையூரில் உட்கார வைத்தது.

குருக்கள் கும்பத்துத் தண்ணீரைத் தலையில் ஊற்றும்போது ஒரு நிமிஷம் பயம்தான். எமனையே உதைத்த சாமி. அதற்கா என் வயது தெரியாது?

ஜூன் 12, வெள்ளி

மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். எட்டு வருஷம் பத்து வருஷம் கழித்து சொன்ன தேதியில் திறப்பாம். ஊரே சந்தோஷமாக இருக்கிறது. அணையைத் திறக்க முடிகிறது, ஒரு ராட்டினத்தைத் திறக்க முடியவில்லை இவர்களுக்கு.

ஜூன் 27

கல்லணையிலிருந்து வருகிற புது ஆற்றில் தண்ணீர் வந்து, வாய்க்காலிலும் வந்துவிட்டது. எங்கள் இரண்டு மா நிலத்தில் நடவு. ஒரு நடைக்கு நாற்பது நாற்று முடிச்சு தூக்கினேன். பெண்டுகள் எண்ணிப் பார்த்துப் பன்னிரண்டு என்றார்கள். இந்த ஊரில் எல்லாருக்கும் எண்ணுகிற வியாதி.

கலெக்டரை ராட்டினத்தில் ஏற்றின கதையைச் சொல்லிக்கொண்டே தூக்கினேன். மூன்றாவது சுற்றில் இறக்கிவிடச் சொல்லி அவர் கும்பிட்டதைச் சொன்னதும் ஒருத்தி சேற்றில் உட்கார்ந்து சிரித்தாள். (வந்தவர் கலெக்டர் ஆபீஸ் டிரைவர். ஆனால் கும்பிட்டது உண்மை.)

மச்சான் வரப்பில் குடையோடு வந்து நின்றார். "அறுவது வயசுல சேத்துல எறங்காதீங்க மச்சான். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடப் போவுது." அவர் உட்கார்ந்தே இருக்கிறார், மகன்கள் பார்த்துக்கொள்கிறார்கள். என் மகள் திருப்பூரில் இருக்கிறாள், அவளுக்கும் வேலை இல்லை.

ஜூன் 28

இடுப்பு.

ஜூலை 30

சித்தீக் அதிராம்பட்டினத்திலிருந்து கருவாடு எடுத்து வண்டியில் ஊர் ஊராக விற்கிறான். "கூட வாங்கண்ணே, ஒங்க வாய்க்கு நல்லாப் போவும்" என்கிறான். நான் ஆபரேட்டர்டா என்றேன். அவனும் ஆபரேட்டர்தான்.

ஆகஸ்ட் 3

இரண்டு நாளாக அவனோடு போகிறேன். நன்றாகத்தான் விற்கிறது. அதுதான் எரிச்சல்.

செப்டம்பர் 6, ஞாயிறு

பொறுக்க முடியாமல் பூங்காவுக்குப் போனேன். வீரையன் இப்போது காவல். உள்ளே விடமாட்டேன் என்றான், மேலிடத்து உத்தரவாம். "டேய், அது நின்ன எடத்துலயே நின்னா பேரிங்கு ஒரே பக்கமா உக்காந்துடும். வாரம் ஒரு தடவ அரைச் சுத்தாவது சுத்தணும். எவனாவது சுத்துனானா?" என்றேன். எவனும் சுத்தவில்லை. எவனுக்கும் தெரியாது.

இசைவாணிக்கு நாலு தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை. வீரையன் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, "நான் ஒண்ணும் பாக்கல" என்றான். ஏழாம் நம்பர் பெட்டியில் மைனா கூடு. குஞ்சு பொரித்துப் பறந்துவிட்டிருந்தது, காலிக் கூடுதான். நான் ஒரு பக்கம் தள்ள, பார்க்காத வீரையன் மறுபக்கம் தள்ள, கால் சுற்று நகர்ந்தது. பழைய நெல் மெஷின் மாதிரி ஒரு சத்தம். கையெல்லாம் துரு.

இனி வாரம் ஒருமுறை போக முடிவு செய்திருக்கிறேன். சம்பளம் இல்லை, அனுமதி இல்லை, பஸ் இல்லை. இருபது கிலோமீட்டர் சைக்கிள். (பதினொன்று.)

அக்டோபர் 31, சனி

நவம்பர் பத்து முதல் பூங்காக்கள் திறக்கலாம்! டி.வி.யில் கீழே ஓடியது. நான் எழுந்து நின்று படித்தேன். காக்கிச் சட்டையைத் துவைக்கப் போட்டாயிற்று.

நவம்பர் 3, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

பாதி ஆட்களைத்தான் கூப்பிடுகிறார்களாம். சித்தீக்குக்கு வந்துவிட்டது, வீரையனுக்கு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. நானே போட்டேன். இசைவாணி எடுத்தது.

"அங்கிள், கம்பெனி ரூல். அறுபது ஆனவங்களக் கூப்பிடக் கூடாதுன்னுட்டாங்க. உங்க சேஃப்டிக்குத்தான். கணக்கு முடிச்சு அனுப்பிடுவோம்."

"எனக்கு அறுபதுன்னு யாரும்மா சொன்னது?"

"அங்கிள்... நான் வந்து சாப்பிட்டேனே."

ராட்டினத்துக்கு ஒரு புதுப் பையனைச் சொல்லியிருக்கிறார்களாம். அவனுக்கு அந்த பேரிங்கைப் பத்தி என்ன தெரியும்? மூணாம் நம்பர் பெட்டிக் கொக்கி லூசுன்னு தெரியுமா? காத்து தெக்கேர்ந்து அடிச்சா நிறுத்திடணும்னு தெரியுமா? கூட ஒரு மூணு வயச வெச்சுக்கிட்டு நான் யாரு குடியக் கெடுத்தேன்? எம் பொழப்பத்தானே கெடுத்துக்கிட்டேன்.

நவம்பர் 4

ஐம்பத்தேழு என்று காட்ட ஒரே ஒரு காகிதம்தான் உண்டு. நான் படித்த தொடக்கப்பள்ளியின் ரெக்கார்டு ஷீட். அதைக் காட்டினால் நான் படித்தது ஐந்தாவது என்றும் தெரிந்துவிடும். கம்பெனி படிவத்தில் பத்தாவது என்று இருக்கிறது. வேம்புவிடம் சொன்னது ஒன்பதாவது.

அதுகூடப் போகட்டும். காலில் விழுந்த மச்சான்? இருநூறு பேர் சாப்பிட்ட பந்தி? (இது நிஜமாகவே இருநூறு.) இன்னொரு தடவை தாலி கட்டிக்கொண்டு நின்றாளே, அவளிடம் என்ன சொல்வது? ஊரில் எப்படி நடப்பது?

கருவாடும் ஒரு தொழில்தான் என்று காலையிலிருந்து எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 5, வியாழன்

பள்ளிக்கூட வாசல் வரை போனேன். திரும்பி வந்துவிட்டேன். கேட் பூட்டியிருந்தது என்று எழுத நினைத்தேன். திறந்துதான் இருந்தது.

நவம்பர் 6, வெள்ளி

காலையில் வேம்பு நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "கெளம்புங்க. பள்ளிக்கூடத்துக்கு."

எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டேன். "நேத்து வாசல்ல நின்னுட்டு வந்தீங்கல்ல, அந்தப் பள்ளிக்கூடம்." யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். இந்த ஊரில் பிள்ளைகளுக்கு மட்டும்தான் பள்ளிக்கூடம் விடுமுறை, மற்றவர்கள் எல்லாரும் அங்கேயே நிற்கிறார்கள்.

தலைமையாசிரியை நிலோஃபர் டீச்சர் பொறுமைசாலி. பீரோவிலிருந்து பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டினார். கரையான் ஓரத்தைத் தின்றிருந்தது. என் பக்கத்தைத் தின்றிருக்கக் கூடாதா என்றும் இருந்தது, தின்றிருந்தால் என்ன ஆவேன் என்றும் இருந்தது. என் பெயர் இருந்தது. அரசப்பன், பிறந்த நாள் 19.5.1963. ஐந்தாம் வகுப்பு முடித்து நீக்கம்.

டீச்சர் சத்தம் போட்டுப் படித்தார். நான் சுவரில் இருந்த அ, ஆ அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேம்பு ஆச்சரியப்படுவாள், அழுவாள், அங்கேயே ஏதாவது கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள், "டீச்சர், அதுக்கு ரெண்டு பக்கம் தள்ளிப் பாருங்க, வேம்புன்னு இருக்கும்" என்றாள்.

இருந்தது. வேம்பு, 1962. ஐந்தாம் வகுப்பில் புதுச் சேர்க்கை.

எனக்கு விளங்கவே இல்லை. திரும்பி வரும்போது சைக்கிளில் பின்னால் உட்கார்ந்துகொண்டு சொன்னாள். "அஞ்சாப்பு ஒரு வருஷம் எங்க மாமா வீட்ல தங்கி அங்கதான் படிச்சேன். நீங்க அப்ப நாலாப்பு. மணியடிக்கிற வேலய எனக்குக் குடுங்கன்னு சாரு கால்ல விழுந்து அழுதீங்க. டவுசர நூல் போட்டுக் கட்டியிருப்பீங்க."

"அப்ப... பொண்ணு பாக்க வந்தன்னிக்கே தெரியுமா?"

"கதவாண்டயே தெரியும். நீங்க இருவத்தி நாலுன்னீங்க. எங்கண்ணன் எனக்கு இருவதுன்னுச்சு. ரெண்டு பேருக்கும் அப்படி ஒரு வாயி. நடுவுல பூந்து நான் எந்தக் கணக்கச் சொல்ல? எனக்குப் புடிச்சிருந்துச்சு, பேசாம இருந்துட்டேன்."

வேம்பு எனக்கு ஒரு வயது மூத்தவள். முப்பத்தாறு வருஷமாக நான் அவளைச் சின்னப்பொண்ணு என்று அதட்டிக்கொண்டிருக்கிறேன்.

சைக்கிளை வாய்க்கால் மதகில் நிறுத்தினேன். செயின் பார்க்கத்தான்.

"திருக்கடையூருல அவ்வளவு பேருக்கு முன்னாடி ஏன்டி சும்மா இருந்த?"

"அதனால என்ன. மூணு வருஷங் கழிச்சு நெஜ அறுவது வரும்ல. அப்ப இன்னொரு தடவ கட்டுங்க. ஒருத்தன்கிட்டயே மூணு தடவ தாலி வாங்குனவ இந்தத் தாலுக்காவுல நான் ஒருத்திதான்னு சொல்லிக்கிறேன்."

பெருமை பேசுவதில் அவளும் குறைந்தவள் இல்லை என்று இன்றுதான் கண்டேன்.

நவம்பர் 7, சனி

வேம்பு அவளே போய் அவள் அண்ணனிடம் சொல்லிவிட்டாள். பத்து நிமிஷத்தில் வேலியைத் தாண்டி ஒரு சத்தம்.

"மாப்ள!"

வந்துவிட்டது. முப்பத்தாறு வருஷம் தள்ளி வந்துவிட்டது.

"பொண்டாட்டியோட ஒன் கால்ல விழுந்தேனேய்யா! நூறு வயசு இருங்கன்னு ஆசி வேற சொன்னியே! ஒனக்கு நாந்தான்யா சொல்லணும் அத!"

நான் அடுப்படிப் பக்கம் பார்த்தேன். வேம்பு காப்பி ஆற்றிக்கொண்டே கேட்டாள். "ஏண்ணே, எனக்கு இருவதுன்னு சொன்னது யாரு? பதிவேட்டுல நேத்துதான் பாத்துட்டு வந்தேன். நகல் வேணுமா?"

மச்சான் காப்பியைக் குடிக்காமலே போனார். எங்கள் வீட்டில் அவர் குடிக்காமல் போன முதல் காப்பி. போகும்போது வேலியில் ஆள் நுழைகிற வழியைப் பனைமட்டை வைத்து அடைத்துவிட்டார்.

நவம்பர் 9, திங்கள்

இ-சேவை மையத்தில் ஆதார் திருத்தக் கொடுத்து, ரசீதோடு ஆபீஸுக்குப் போனேன். டீச்சர் எழுதிக் கொடுத்த ரெக்கார்டு ஷீட்டை இசைவாணி இரண்டு தடவை படித்தது. போனைத் திருப்பிக் காட்டியது. மாலையும் கழுத்துமாக நான்.

"அப்ப இது என்ன அங்கிள்?"

"ஒத்திகைம்மா. நெஜம் மூணு வருஷத்துல. பாயசம் உண்டு."

மாஸ்க்குக்கு மேலே அதன் கண் சிரித்தது. "ஃபார்ம்ல பத்தாவதுன்னு இருக்கே?" என்றது. நான் பதில் சொல்வதற்குள் அதுவே, "அந்தக் கட்டம் இப்ப யாரும் பாக்கறதில்ல" என்று மூடி வைத்தது. பிறகு மெதுவாக, "வாரா வாரம் வந்து ராட்டினத்தத் தள்ளினீங்களாமே. வீரையன் சொன்னாரு."

பார்க்காதவன் சொல்லிவிட்டான்.

நவம்பர் 10, செவ்வாய்

சுவிட்சைப் போட்டேன். சுற்றியது.

நவம்பர் 26

புயல், மழை, கூட்டமே இல்லை. ஆள் குறைவால் ஒருவனுக்கு இரண்டு வேலை. காலையில் கேட்டில் நெற்றிச் சூடு பார்த்து, நோட்டில் பெயர், ஊர், வயது எழுதி வாங்குகிறேன். அறுபதுக்கு மேல் ஆனவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை, கம்பெனி ரூல். மதியத்துக்கு மேல் ராட்டினம். சம்பளம் பாதி. மச்சான் இன்னும் பேசவில்லை. வேலி அடைத்தபடி. ஊரில் என்னை 'ஒத்திகை' என்கிறார்கள். யார் சொல்லிப் பரப்பியது? சித்தீக்தான். கருவாட்டோடு கருவாடாக இதையும் விற்றிருக்கிறான்.

டிசம்பர் 20, ஞாயிறு

இன்று நாற்பத்தொரு பேர். எண்ணினேன்.

பதினோரு மணிக்கு கேட்டில் ஒரு சின்னப் பெண் ஓடி வந்து நின்றது. மச்சானின் பேத்தி செம்மொழி. பின்னால் மச்சான். வெள்ளை வேட்டி, மாஸ்க், என் பக்கம் பார்க்காத முகம். பேத்தி பிடிவாதம் பிடித்து இழுத்து வந்திருக்கிறது என்று தெரிந்தது.

நெற்றிக்கு நேரே கருவியைப் பிடித்தேன். சரியாக இருந்தது. அறுபதுக்கு மேல் அனுமதி இல்லை என்று என் தலைக்கு மேலேயே இவ்வளவு பெரிய எழுத்தில் தொங்குகிறது. அவரும் அதைப் படித்தார். என்ன சொல்ல? அவர் அறுபதுக்குச் சாட்சியாக ஒரே மேடையில் உட்கார்ந்தவன் நான். பக்கத்து மேசையிலிருந்து இசைவாணி பார்த்துக்கொண்டிருந்தது. அதுவும் அந்தப் பந்தியில் சாப்பிட்டதுதான்.

நோட்டை அவர் பக்கம் தள்ளினேன். மச்சான் பேனாவை எடுத்தார். பெயர் எழுதினார். ஊர் எழுதினார். வயது என்கிற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, 56 என்று எழுதினார். பெரிதாக, தெளிவாக.

"ஒங்களுக்கு அம்பத்தேழுதானே? நான் ஒரு வயசு எளையவன்" என்றார். "உள்ள விடுங்க மச்சான்."

இசைவாணி சட்டென்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டது.

மத்தியானம் இரண்டு பேரையும் நாலாம் நம்பர் பெட்டியில் ஏற்றிக் கம்பியைப் பூட்டினேன். கொக்கி நல்ல பெட்டி அது. உச்சிக்குப் போனால் பெரிய கோயில் கோபுரம் தெரியும் என்று வழக்கம்போலச் சொன்னேன். மூன்று சுற்று எல்லாருக்கும். இவர்களுக்கு ஐந்து விட்டேன்.

மச்சான் இறங்கும்போது வேட்டியைச் சரிசெய்துகொண்டு, பக்கத்தில் நின்ற நாலு பேருக்கும் கேட்கிற மாதிரி, "கோபுரம் நல்லாத் தெரிஞ்சுது மச்சான்" என்றார்.

பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட எனக்கு அது தெரிந்ததில்லை.

"மார்கழிப் பனியிலயே இவ்வளவு தெரியுது" என்றேன். "தை மாசம் வாங்க. கலசமே தெரியும்."